பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு மஞ்சள் வயர்

தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் வண்டியை நிறுத்து. ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால் ஓரம் கட்டு, நிறுத்தி வைத்திருக்கிறாய் என்றால் அப்படியே விடு. சீட்டைக் கழற்றினால் பேட்டரி தெரியும். அதில் சிவப்பு மூடி போட்ட முனையில், கம்பெனியில் கொடுத்த வயரோடு சேர்த்து ஒரு மஞ்சள் வயரை முறுக்கிக் கட்டியிருக்கும். அது நான் கட்டியது. முதலில் கறுப்பு முனையைக் கழற்று. அப்புறம், ஸ்பேனர் இரும்பில் படாமல் பார்த்துக்கொண்டு, அந்த மஞ்சள் வயரை எடுத்துவிட்டு நுனியில் டேப் சுற்று. அதை எடுத்துவிட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாது, இன்ஜின் கொதிக்கும். அதனால் ஓட்டிப் போகாதே, கடைக்குத் தள்ளிக்கொண்டு போ. அந்த வயரில் ஃபியூஸ் கிடையாது தம்பி. போட்டாச்சு என்று நான் உன்னிடம் சொன்னது பொய்.

இந்த ஒரு பத்தி உன் கண்ணில் பட்டால் போதும். மீதியை நீ படித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. ஆனால் எத்தனை பேர் கை மாறி இது உன்னிடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. வழியில் படிக்கிறவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். கறுப்பு வண்டி, டேங்கின் வலது பக்கம் கீறல், கலர் கலராக எரியும் புது மீட்டர். ஓட்டுகிற பையன் ஒல்லி, இடது புருவத்தில் ஒரு தழும்பு, சென்னையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. சொந்த ஊர் குத்தாலம் பக்கம். பார்த்தவர்கள் தயவுசெய்து அவனை நிறுத்தி இதைக் காட்டுங்கள். அவன் அப்பன் நான், என் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அதனால் வண்டியைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.

பங்குனியில் நீ வந்திருந்தபோதுதான் அந்த மீட்டரை மாட்டினாய். பழைய மீட்டரில் எண் சரியாகத் தெரியவில்லை, வெயிலில் மங்குகிறது என்று ஆன்லைனில் வாங்கி வந்து, ஒரு காலை முழுக்க வேப்பமர நிழலில் உட்கார்ந்து வயர் வயராகப் பிரித்துச் சேர்த்தாய். சாவியைப் போட்டதும் பச்சையும் நீலமுமாக ஓடியதைப் பார்த்து, “என்னடா இது, மாரியம்மன் கோயில் சீரியல் லைட்டைக் கொண்டாந்து வண்டியில மாட்டிட்டே?” என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். அன்று சாயங்காலம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மயிலாடுதுறை போனாய். ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் திறக்கிற பாடாக இல்லை. திடீரென்று முன்சக்கரத்துப் பக்கமிருந்து ஆவி கிளம்பியது, கொதிநீர் தார் ரோட்டில் சொட்டியது. நீ குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய். “ஃபேன் ஓடலப்பா. இந்த வண்டில சூட்டைப் பாத்து ஃபேனைப் போட்டு விடுறதே அந்தப் பழைய மீட்டர்தான். அதைக் கழட்டிட்டோம்ல, இப்ப அதுக்குச் சொல்ல ஆளில்ல” என்றாய். ஒரு மீட்டருக்குள் இத்தனை பொறுப்பு இருக்கும் என்று உனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நீ அவசரப்படவில்லை. ஃபோனில் தேடிப் பார்த்து, சூடு ஏறினால் தானாகவே போடுகிற சுவிட்ச், ஒரு ரிலே, ஃபியூஸ் எல்லாம் ஆர்டர் போட்டாய். வந்து சேர நாலைந்து நாளாகும் என்றாய். அதுவரை வண்டியை எடுக்க மாட்டேன், லீவை நீட்டிக்கொள்கிறேன் என்றாய். உன் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சின்ன ஃபேனைச் சுற்ற வைக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா? மும்முனைக் கரண்டு மோட்டாரையே டைரக்டில் போட்டு ஓட்டுகிறவன் நான், என் மகன் ஒரு ஃபேனுக்காகப் பார்சல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு இளக்காரம்.

எங்கள் மோட்டார் கொட்டகைப் பழக்கம் உனக்குத் தெரியும். கரண்டு வருகிற நேரம் நமக்குச் சொந்தமில்லை. வந்தால் தண்ணீர் ஓடியாக வேண்டும், கதிர் வாங்குகிற சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் போகும். ஏன் போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டையை உருவி, அதில் மெல்லிய கம்பிக்குப் பதிலாக நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டு அடித்துச் சொருகிவிடுவோம். அப்புறம் அது போகவே போகாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. என் கொட்டகையில் ஃபியூஸ் போய்ப் பல வருஷம் ஆயிற்று என்று நானே டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். மோட்டாரின் சுருள் கம்பி கருகி, கழற்றிக்கொண்டு போய்ச் சுற்றக் கொடுத்த கதையை மட்டும் அங்கே சொல்வதில்லை. ஃபியூஸ் என்பது நமக்குத் தொல்லை கொடுக்க வைத்திருக்கிற சாமான் என்றுதான் இந்த வயசு வரைக்கும் நினைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நீ சாப்பிட்டுத் தூங்கப் போனாய். நான் கொட்டகையில் மிச்சம் கிடந்த மஞ்சள் வயரை எடுத்து வந்தேன். பேட்டரியில் ஆரம்பித்து, டேங்குக்கு அடியில் சட்டத்தோடு ஒட்டி இழுத்து, ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பக்கமாக வளைத்து, இடது கைப்பிடிக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து ஃபேனுக்குக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. சத்தம் கேட்டு லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தாய், சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைத்தாய். “பரவாயில்லையேப்பா! சிக்னல்ல நின்னா நானே போட்டுக்குவேன்” என்றாய். அப்புறம், “ஃபியூஸ் போட்டீங்களாப்பா?” என்று கேட்டாய்.

குத்தாலத்துக்குப் போய் ஃபியூஸ் வாங்கத்தான் நினைத்தேன். மத்தியானம், கடை சாத்தியிருந்தது. திறக்கிற வரைக்கும் நிற்கச் சோம்பல்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதை அப்படியே சொல்லியிருந்தால் நீ சாயங்காலம் போய் வாங்கிப் போட்டிருப்பாய், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நீ பரவாயில்லையே என்று சொல்லிய கையோடு, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எல்லாம் போட்டாச்சுடா, எனக்குச் சொல்லித் தர்றியா?” என்றேன். நீ தலையாட்டிவிட்டு உள்ளே போனாய். நான் எழுதிக் கொடுத்ததை இப்போது உன் தங்கைதான் ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?” என்றாள். மேலே தட்டும்மா என்றேன்.

அதற்கு மறுநாள்தான் பேராவூரணியிலிருந்து உன் தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நடந்தது நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மூடி மூடி வைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன். அவர்கள் வருவதற்கு முன்னால் உன் சாப்பாட்டுப் பையை, அந்தப் பெரிய சதுரப் பையை, மாட்டுக் கொட்டகையில் வைக்கச் சொன்னேன். நீயே தூக்கிக்கொண்டு போய் வைத்தாய். மாப்பிள்ளையின் அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, “தம்பி என்ன பண்றாங்க?” என்று கேட்டார். “சென்னையில கம்பெனியில இன்ஜினியரா இருக்காப்லங்க” என்றேன். நீ கொல்லைக் கதவோரம் நின்றிருந்தாய். உள்ளே போனாய். திரும்பி வரும்போது வேலைக்குப் போடுகிற பனியனை, முதுகில் கம்பெனிப் பெயர் போட்டதை, மாட்டிக்கொண்டு வந்தாய். அவர்களுக்கு நேராக உட்கார்ந்து, “சாப்பாடு டெலிவரி பண்றேங்க. டிப்ளமோ முடிச்சிருக்கேன். அப்பாவுக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு” என்றாய். குரலை உயர்த்தவே இல்லை.

அவர்கள் போன பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இனி இந்தப் படி ஏறாதே என்பதுதான் அதிலேயே குறைந்த வார்த்தை. நீ பையை எடுத்துக் கட்டினாய், உன் அம்மா கையைப் பிடித்ததை மெதுவாக விடுவித்தாய், வண்டியை எடுத்தாய். கிளம்புவதற்கு முன் சுவிட்சைப் போட்டு ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தாய். என்மேல் அவ்வளவு கோபத்திலும் என் வேலையை நம்பிப் போனாய். ரெண்டு நாள் கழித்துப் பேராவூரணியிலிருந்து ஃபோன் வந்தது, சம்மதம் என்று. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. உன் பார்சலும் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ரிலே, சூட்டு சுவிட்ச், சின்னப் பிளாஸ்டிக் உறையில் நாலைந்து ஃபியூஸ். டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓடுகிற வண்டிதானே என்று இருந்துவிட்டேன்.

உன் நம்பரை மாற்றிவிட்டாய். அறையையும் மாற்றிவிட்டாய். ஆனி மாசத்தில் உன்கூடப் படித்த செந்தில் வந்தான். தாம்பரம் பக்கம் ஒரு சிக்னலில் உன்னைப் பார்த்து, தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் என்று சொன்னானாம். “தங்கச்சி கல்யாணத்துக்கு வந்துடுவேன்னு அம்மாகிட்ட சொல்லு. வண்டியிலேயே வந்துடுவேன்” என்று சொன்னாயாம். நம்பர் கேட்பதற்குள் பச்சை விழுந்து போய்விட்டாயாம். உன் அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நான் ரெண்டு டம்ளர் குடித்தேன். ஆவணி முதல் முகூர்த்தம். நீ வருகிறாய் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு பத்திரிகை அடிக்கக் கொடுத்தோம், மண்டபம் பேசினோம்.

போன வாரம்தான் அது நடந்தது. குறுவைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, வாய்க்கால் மடையை இருட்டிலும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று என் மொபெட்டில் ஒரு கூடுதல் விளக்கு மாட்டியிருந்தேன். அதே மஞ்சள் வயர், அதே மாதிரி பேட்டரியிலிருந்து டைரக்ட். உனக்குச் செய்தது நன்றாக ஓடுகிறது என்ற தைரியத்தில் செய்ததுதான். காலையில் யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு வந்தேன். வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போது காலுக்கிடையில் ஒரு நெடி. குனிந்தால் புகை. சாவியை அணைத்தேன், புகை நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வருகிற வயர், அது சாவிக்குக் கட்டுப்படாது. ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இரும்பில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு சட்டத்தில் பட்டிருக்கிறது. நடுவில் ஃபியூஸ் இல்லாததால் வயர் முழுக்கச் சிவந்து பழுத்துவிட்டது. கையால் பிடித்து இழுத்தேன், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மொபெட்டை அப்படியே வாய்க்காலில் தள்ளினேன். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து, “பெட்ரோலுங்க, தள்ளி நில்லுங்க” என்று என்னை இழுத்தார்கள். நான் கையைப் பார்க்கவில்லை தம்பி. உன் வண்டியில் அந்த வயர் எந்த வழியாகப் போகிறது என்று மனசுக்குள் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்குக்கு நேர் அடியில்தான் போகிறது. நீ சந்து சந்தாக ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறவன். ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும், வீட்டு வாசலில் சாவியை எடுத்துவிட்டுத் தூங்கினாலும், அதில் கரண்டு இருந்துகொண்டேதான் இருக்கும்.

அன்றைக்கே ரயில் ஏறினேன். உன் பார்சலையும் பையில் போட்டுக்கொண்டேன், உன்னைப் பார்த்த இடத்திலேயே கழற்றி மாட்டிவிடலாம் என்று. தாம்பரத்தில் இறங்கி, டெலிவரிப் பையன்கள் கூடி நிற்கிற ஹோட்டல் வாசல் ஒவ்வொன்றாகப் போய் நின்றேன். கறுப்பு வண்டி தெரிந்தால் ஓடிப் போய் டேங்குக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒருவன், “யோவ் பெரியவரே, பெட்ரோல் திருடுறியா?” என்று சட்டையைப் பிடித்தான். விஷயத்தைச் சொன்னதும் விட்டுவிட்டான், டீ வாங்கிக் கொடுத்தான். “மீட்டர் மாத்துன வண்டின்னா எப்படிங்க கண்டுபிடிக்கிறது? இங்க பாதி வண்டி அப்படித்தான் ஓடுது” என்றான். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஊரில் ஒருத்தர் முன்னாலும் கண்ணீர் விடாதவன், அங்கே யாரென்று தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அந்தப் பையன்தான், “எழுதிக் குடுங்கப்பா. எங்க குரூப் எல்லாத்துலயும் போடுறேன், அவங்க வேற குரூப்ல போடுவாங்க. எங்கயாச்சும் அவன் கண்ணுல படும்” என்றான். அவன் அப்பா என்று கூப்பிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவன் நம்பரை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்து, அவனுக்கு அனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

நீயே பார்த்து எப்போதோ சரி செய்திருப்பாய் என்று உன் அம்மா சொல்கிறாள். தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்கிறாள். நீ செய்திருக்க மாட்டாய். அப்பா போட்டாச்சு என்று சொன்னால் நீ திறந்து பார்க்கிறவன் இல்லை. ஏழாம் வகுப்பில் ஆண்டு விழாவில் நடித்தாயே, நான் வரவே இல்லை. பின் வரிசையில் நின்று பார்த்தேன் என்று சொன்னேன். எந்தக் காட்சியில் கை தட்டினேன் என்றுகூட நீ கேட்கவில்லை. எங்க அப்பா நின்னுக்கிட்டே பாத்தாங்க என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். என் வாழ்க்கை பூராவும் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீருகிற இடத்தில், “இருக்கு, ஆச்சு, முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனால் பழகிப்போயிற்று. பிள்ளைக்கு அறிவுரை சொல்கிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ யாரிடமும் இப்படிச் சொல்லிப் பழகாதே. யார் இப்படிச் சொன்னாலும், பெற்றவனே சொன்னாலும், சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஏறு.

நீ எந்த வழியாக வருவாய் என்று எனக்குத் தெரியும். செங்கல்பட்டு, திண்டிவனம், கடலூர், சிதம்பரம். ஆவணி வெயில், ஊருக்கு ஊர் சிக்னல், ரயில்வே கேட். நிற்கிற இடத்தில் எல்லாம் நீ அந்த சுவிட்சைப் போடுவாய். தங்கைக்கு என்று பின்னால் எதையாவது கட்டிக்கொண்டு வருவாய். இந்த நாலு மாசமாக ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் நீயாக இருக்கக்கூடாதா என்று வெளியே போய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது சத்தம் கேட்டால் நீயாக இருந்துவிடக்கூடாதே என்று ஓடுகிறேன். வா என்று கூப்பிட வேண்டியவன், வராதே என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டியில் வராதே. பஸ்ஸில் வா, ரயிலில் வா, முகூர்த்தம் முடிந்து எல்லோரும் போன பிறகு வா, வந்து என்னோடு பேசாமல் உன் அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுப் போ.

அதற்கும் மனசு வரவில்லை என்றால் வரவே வேண்டாம். கல்யாணத்தன்று மண்டப வாசலில் எல்லோரும் உன்னைக் கேட்பார்கள். அவனுக்கு அப்பன்மேல் கோபம், வரமாட்டேன் என்றுவிட்டான் என்று சொல்லிவிடுகிறேன். அது மட்டும் உண்மையாக இருக்கட்டும், தம்பி.

அப்பா